சேலத்தில் தொட்டியில் வைத்த ரோஜா சில மாதங்களிலேயே மஞ்சளித்துக் காய்வது ஏன்?

நர்சரியில் பூவும் மொட்டுமாக இருந்த ரோஜாச் செடி, வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று மாதங்களில் துளிர் இலை மஞ்சளித்துக் கிளை நுனியிலிருந்து காய்ந்து வருகிறது என்றும், எப்சம் உப்பு, முட்டை ஓட்டுத் தூள், எலும்புத்தூள் என்று பலவற்றை இட்டும் மாற்றம் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சேலம் நகரத்தில், மொட்டை மாடித் தொட்டிகளில், போர் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் அழகாபுரம் பக்கம் பல ஆண்டுகளாக ரோஜா வளர்க்கிறேன். என் அக்கா வீடு ஏற்காட்டில் இருப்பதால் மலைமேல் அதே செடி எப்படி வளர்கிறது என்பதையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் செடிக்கு முதல் தேவை உரம் அன்று. தண்ணீரையும் மண்ணையும் சரிசெய்யாதவரை எந்த உரமும் அதற்குப் போய்ச் சேராது.

நீங்கள் இட்ட பொருள்களிலிருந்தே தொடங்கலாம். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் திசையில், மலையடிவாரத்தில் மேக்னசைட் எனப்படும் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் சுரங்கங்கள் இருப்பதை அறிந்திருப்பீர்கள். மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட். அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் மக்னீசியம் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட். மக்னீசியம் குறைவாக உள்ள மண்ணுக்கு அது மருந்து. மக்னீசியம் கலந்த நீரையே நாள்தோறும் குடிக்கும் செடிக்கு அதைக் கரைத்து ஊற்றினால் தொட்டியில் உப்புதான் ஏறும். முட்டை ஓடு ஏறக்குறைய முழுவதும் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். நம் ஊரில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டினால் பல இடங்களில் சுக்கான் கல் வருகிறது. அந்த மண்ணுக்கு மேலும் சுண்ணாம்பு சேர்ப்பதில் பயன் ஏதும் இல்லை. எலும்புத்தூளில் உள்ள பாஸ்பரஸ் கரைவதற்கு மண் சற்றுப் புளிப்புத் தன்மையோடு இருக்க வேண்டும். கார மண்ணில் அது கரையாமல் அப்படியே கிடக்கும். ஏற்காட்டின் அமிலத் தன்மையுள்ள மண்ணில் எலும்புத்தூள் நன்றாக வேலை செய்வதையும், அதே பையிலிருந்து எடுத்து இங்கே இட்டது பலன் தராததையும் பார்த்திருக்கிறேன். வலைத்தளங்களில் கிடைக்கும் ரோஜாக் குறிப்புகளில் பெரும்பாலானவை அமில மண்ணும் மழையும் உள்ள ஊர்களிலிருந்து வருபவை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். தொட்டி மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்துக் காயவைத்து, அதன்மேல் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ சில சொட்டுகள் விட்டுக் காதருகே கொண்டுசெல்லுங்கள். பொசுபொசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு மண் என்று பொருள். சரியான அளவு தெரிய வேண்டுமானால், வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் சேர்த்தே கொடுத்துப் பாருங்கள். ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வரையிலான பி.எச். அளவு (மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்) ஏற்றது, 7.5-ஐத் தாண்டினால் தொல்லை தொடங்கிவிடும்.

அந்தத் தொல்லையின் அடையாளம் இலையில் தெளிவாகத் தெரியும். செடியின் உச்சியில் புதிதாக விரிந்த ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் மட்டும் பச்சை வலையாக நிற்க, இடைப்பட்ட பகுதி எலுமிச்சை மஞ்சளாகவோ, முற்றிய நிலையில் வெளிறிப்போயோ இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. இதே மஞ்சள் அடியில் உள்ள பழைய இலைகளில் தொடங்கினால் காரணம் வேறு. மண்ணில் இரும்பு இல்லை என்பதால் இந்தக் குறைபாடு வருவதில்லை. நம் செம்மண்ணின் நிறமே இரும்பால் ஆனதுதான். காரத்தன்மை மிகும்போது அந்த இரும்பு வேர் எடுத்துக்கொள்ள முடியாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. போர் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டும் அதையே செய்கிறது. தொட்டியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேற்பரப்பிலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது அந்தத் தண்ணீர் விட்டுச்சென்ற உப்பு.

உடனடியாக இலை தேற வேண்டுமானால், அன்னபேதியை (இரும்பு சல்பேட்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, அதோடு 1 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, மாலை வேளையில் இலைகளின் மேல் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத்துளிர் பச்சையாக வரும். அன்னபேதியைச் சுண்ணாம்பு மண்ணில் நேரடியாக இட்டால் அது விரைவிலேயே கரையாத நிலைக்குப் போய்விடும் என்பதால் இலைவழியே கொடுப்பதுதான் சிக்கனம். மண்ணிலேயே இட விரும்பினால், கடையில் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு என்று கேட்டு வாங்குங்கள். கார மண்ணில் தாக்குப்பிடிப்பது அதுதான். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிலைத்திருப்பதில்லை.

இவை தற்காலிக உதவிகள்தாம். நிலையான தீர்வு தண்ணீரை மாற்றுவது. வீட்டுக்கு மேட்டூர் தண்ணீர் வருகிறது என்றால் ரோஜாவுக்கு அதில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டால் அதைவிட நல்ல நீர் வேறில்லை. போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால், நாள்தோறும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஊற்றும் போதெல்லாம் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். வடியும் நீர் உப்பையும் அடித்துச் செல்லும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து வடிந்த நீரைத் தேக்கினால், வெளியேறிய உப்பைச் செடி மறுபடியும் உறிஞ்சிக்கொள்ளும், தட்டை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, செடி வாங்கி நடும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வெளியூர்களிலிருந்து நம் நர்சரிகளுக்கு வரும் ஒட்டு ரோஜாக்கள் பல, வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகப் பிடித்த நிலையில் வருகின்றன. பயணத்தில் வேர் காயாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். பையைக் கிழித்து அந்த உருண்டையை அப்படியே தொட்டியில் வைத்துவிட்டால், சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும்போதும் உருண்டைக்குள் தண்ணீர் இறங்காது. ஒருமுறை இறங்கினால் எளிதில் வெளியேறாது. வேர் அதைத் தாண்டி வெளியே வருவதும் இல்லை. முன்பு நட்டுச் சோர்ந்துபோன செடியைப் பிடுங்கிப் பார்த்தால், பெரும்பாலும் அந்த உருண்டை வடிவம் குலையாமல் வெளியே வரும். ஆகவே, வாங்கிய செடியை நான்கைந்து நாள் நிழலில் வைத்துப் பழக்கிய பிறகு, வேர்ப்பகுதியை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, களி இளகியதும் விரலால் மெதுவாகத் தளர்த்திவிடுங்கள். வெள்ளை வேர்கள் அறுபடாமல் பாதிக் களியாவது நீங்கினால் போதும். 12 அங்குலத்துக்குக் குறையாத தொட்டியில், சுண்ணாம்பு இல்லாத செம்மண், மக்கிய தொழுவுரம், நீர் வடிவதற்கு மணல் அல்லது நன்கு அலசிய தென்னை நார்க்கழிவு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து நடுங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

ரோஜாவுக்கு 6 மணி நேர வெயில் தேவை என்ற பொதுவான குறிப்பு உண்மைதான். ஆனால் சித்திரை, வைகாசியில் நம் மாடியில் அடிக்கும் வெயிலுக்கு அது அப்படியே பொருந்தாது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் செல்லும் ஏற்காடு சுமார் 1500 மீட்டரில் இருக்கிறது. இந்த வேறுபாட்டால் மட்டுமே வெப்பநிலை ஏறக்குறைய 8 டிகிரி மாறுகிறது. கோடையில் இங்கே தளத்தின் சூடும் சேர்ந்து தொட்டியின் சுவர் தொட முடியாதபடி கொதிக்கும்போது, அதன் உட்புறத்தை ஒட்டிய வேர்கள்தாம் முதலில் வேகின்றன. அந்த மாதங்களில் தொட்டிகளைக் கிழக்குப் பார்த்த இடத்துக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும்படி வையுங்கள். செங்கல்மேல் தூக்கி, ஒன்றோடொன்று நெருக்கி, மண்ணின்மேல் காய்ந்த இலையைப் பரப்புங்கள். கோடையில் பூ சிறுத்து, இதழ் குறைந்து, நிறம் வெளுப்பது இயல்பு. அப்போது உரத்தைக் கூட்டிப் பூவை வரவழைக்க முயல வேண்டாம். மொட்டுகளைக் கிள்ளிவிட்டுச் செடியை உயிரோடு காப்பாற்றுவதே அந்தப் பருவத்துக்குப் போதும்.

கோடையில் கூடவே வருவது செஞ்சிலந்தி. இலையின் மேல்புறம் தூசி படிந்ததுபோல் மங்கலாகி, ஊசியால் குத்தியது போன்ற நுண்புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். மிளகாய்ப்பொடித் துகள்போல விழுந்தவை சற்று நேரத்தில் நகரத் தொடங்கினால் ஐயமே இல்லை. பொதுவான பூச்சிமருந்துகள் பல இதைக் கட்டுப்படுத்துவதில்லை. மாறாக இதைத் தின்னும் நன்மைப் பூச்சிகளைக் கொன்று தொல்லையைப் பெருக்கிவிடும். காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதை மூன்று நாளுக்கு ஒருமுறை செய்தாலே பெருமளவு குறையும். தேவைப்பட்டால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

ஏற்காட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சிக்கல் நேர்மாறானது. அங்கே மண் இடம்கொடுக்கிறது. பூவும் பெரிதாக, நிறம் ஆழ்ந்து வருகிறது. அரசு ரோஜாத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் மழையும் மூடுபனியும் இலையை நெடுநேரம் நனைத்து வைப்பதால் கரும்புள்ளி நோய் வருகிறது. இந்தப் பூஞ்சணம் முளைத்து இலைக்குள் நுழைய இலை தொடர்ந்து ஏறக்குறைய 7 மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். எனவே, காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலில் ரோஜாவை வைக்காமல், விடிந்ததும் வெயில் விழும் திறந்த இடத்தில், செடிக்குச் செடி காற்று புகும்படி நட வேண்டும். உதிர்ந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது மருந்து தெளிப்பதைவிட முக்கியம், ஏனென்றால் அடுத்த மழையில் வித்துகள் அங்கிருந்துதான் தெறிக்கின்றன. மழை தொடங்கும் முன் மான்கோசெப்பை லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்கலாம். சாம்பல் நோய்க்கு இப்படி நனைந்த இலை தேவையில்லை. குளிர்ந்த இரவும் உலர்ந்த பகலும் போதும் என்பதால் தை, மாசியில் அது சேலத்திலும் வரும். நனையும் கந்தகம் அதற்கு நல்ல மருந்து. ஆனால் கடும் வெயில் நாட்களில் தெளித்தால் இலை கருகிவிடும்.

நுனியிலிருந்து காய்கிறது என்றீர்களே, அதற்கும் கவாத்துக்கும் தொடர்புண்டு. காய்ந்த கிளையைக் காய்ந்த இடத்தோடு வெட்டினால் உள்ளே இறங்கிய நோய் அப்படியே இருக்கும். வெட்டிய முகப்பில் நடுச்சோறு (கிளையின் மையப் பகுதி) பழுப்பாகத் தெரிந்தால் இன்னும் கீழே இறங்கி, முழுவதும் வெண்மையாகத் தெரியும் இடத்தில், வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கூரான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். முகப்பில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துத் தடவுங்கள். முழுக் கவாத்தை நம் பகுதியில் வெயில் தணிந்த அக்டோபரில், மழையில்லாத ஒரு நாளாகப் பார்த்துச் செய்யலாம். அதிலிருந்து ஆறேழு வாரத்தில் பூ வரும்.

புதிதாக வாங்குவதானால், பெரிய பூ ஒட்டு வகைகளைவிடப் பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா, ஆந்திரா சிவப்பு, பட்டன் ரோஸ் ஆகியவற்றையே சேலத்து மாடிக்குப் பரிந்துரைப்பேன். எட்வர்ட் ரோஜாவைக் குச்சி வைத்தே வளர்த்துவிடலாம் என்பதால் ஒட்டுத் தொல்லை இல்லை. ஒட்டுச் செடி வைத்திருந்தால், முடிச்சுக்குக் கீழிருந்து, அதாவது ஒட்டுக்கு அடியிலுள்ள வேர்ச்செடியிலிருந்து, வேகமாக எழும் கிளையை இலை எண்ணிக்கை பார்த்துக் குழம்பாமல், மண்ணைச் சற்று விலக்கி, அது தோன்றும் இடத்தோடு பிய்த்துவிடுங்கள். சாமிக்கும் தலைக்கும் பூப் பறிக்கும்போது காம்பின் உச்சியில் கிள்ளாமல், ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் முழு இலைக்குச் சற்று மேலே கத்தரித்து எடுங்கள். அடுத்த பூவைத் தாங்கும் வலுவான துளிர் அந்தக் கணுவிலிருந்து வரும்.