கண்ணாடிக்குப் பின்னால் எதை வைப்பது?

கேள்வி: சமையலறையின் பழைய அலமாரிகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்யப்போகிறோம். மேல் வரிசைக்குக் கதவே வேண்டாம், திறந்த தட்டுகளாக விட்டால் அறை விசாலமாகத் தெரியும் என்கிறார் என் கணவர். அத்தனையையும் ஓயாமல் துடைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. கண்ணாடிக் கதவு போடலாம் என்று நான் சொன்னேன். வேலைக்கு வந்தவர், “கண்ணாடி கனம், கீல் தாங்காது, உடைந்தால் ஆபத்து” என்கிறார். மாமியாரோ, “உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும், எந்நேரமும் அடுக்கிவைத்துக்கொண்டே இருக்கவேண்டும்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – ஒரு வாசகி

பதில்: கண்ணாடிக் கதவே போடுங்கள். ஆனால் மேல் வரிசை முழுக்க வேண்டாம். இரண்டு கதவு, மிஞ்சினால் மூன்று போதும். உங்கள் வீட்டில் மூன்று பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் துடைக்கும் வேலை. உங்கள் கவலை நியாயமானது. சமையலறைத் தட்டில் படிவது மற்ற அறைகளில் படிகிற தூசி அல்ல. வதக்கும்போதும் பொரிக்கும்போதும் எண்ணெய் நுண்துளிகளாகக் காற்றில் ஏறுகிறது. சிம்னி இருந்தால் பெரும்பகுதியை இழுத்துவிடும். மிச்சம் அறை முழுக்கப் பரவி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடும். புதிதாகப் படிந்த எண்ணெய் சோப்புத் தண்ணீருக்கே போய்விடும். வாரக்கணக்கில் விட்டால் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து பிசினாக இறுகுகிறது. அதன்மேல் தூசி ஒட்டிக்கொண்டால் வெறும் தண்ணீர்த் துணிக்கு அசையாது.

இதை நேரில் பார்க்க உங்களுக்கு இப்போது நல்ல வாய்ப்பு. பழைய அலமாரியைக் கழற்றும் முன் நாற்காலி போட்டு ஏறி, அதன் உச்சியை, கூரைக்குக் கீழே யாரும் கைவைக்காத அந்தப் பரப்பை, ஒரு வெள்ளைக் காகிதத் துண்டால் இழுத்துத் துடையுங்கள். காகிதம் வழுக்கிக்கொண்டு போகாது, பிடித்துப் பிடித்துத்தான் நகரும். பழுப்பு நிறத்தில் திரி திரியாகத் திரண்டு வரும், விரலில் ஒட்டினால் உதறினாலும் விழாது. திறந்த தட்டில் எடுக்காமல் கிடக்கும் கோப்பையின் உட்புறத்திலும் படிவது இதேதான், அளவு மட்டும் கொஞ்சம் குறைவு. உங்கள் கணவரையும் அழைத்துக் காட்டுங்கள்.

இதனால் திறந்த தட்டே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தினமும் எடுத்து, தினமும் கழுவி, தினமும் திரும்ப வைக்கிற பாத்திரத்தின்மேல் பிசுக்கு இறுகுவதற்கு நேரமே கிடைக்காது. நான்கு தட்டு, நான்கு தம்ளர், காலையும் மாலையும் கைக்கு வரும் கோப்பைகள், இவையெல்லாம் திறந்தே இருக்கலாம். சொல்லப்போனால் திறந்திருப்பதே வசதி. ஈரக்கையால் கதவைத் திறக்கவேண்டாம், கழுவிய பாத்திரமும் காற்றாட உலரும். எப்போதோ ஒருமுறை எடுக்கிற பொருளுக்குத்தான் சிக்கல். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் கோப்பைகள், பரிசாக வந்த பீங்கான் கிண்ணங்கள், பெரிய பரிமாறும் தட்டுகள். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் தொடமாட்டோம். கண்ணாடிக் கதவு இவற்றுக்காகத்தான்.

ஆக, ஒரு பொருளை எங்கே வைப்பது என்பதை அதன் அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை அது கழுவப்படுகிறது என்று பாருங்கள். தினமும் என்றால் திறந்த தட்டு. எப்போதாவது, ஆனால் பார்க்கப் பிடிக்கும் என்றால் கண்ணாடி. மற்ற டப்பா, மூடி, பை எல்லாம் மரக்கதவுக்குப் பின்னால்.

கண்ணாடிக் கதவும் அழுக்காகும். கைரேகை விழும், வெளிப்பக்கம் எண்ணெய்ப் பூச்சு படியும். ஆனால் சமதளமான ஒரு பரப்பைத் துடைப்பது எங்கே, முப்பது பாத்திரத்தை இறக்கி, கழுவி, தட்டைத் துடைத்து, திரும்ப அடுக்குவது எங்கே! பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் துணியைப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் முடிந்தது. கதவு இடுக்கு வழியாகக் கொஞ்சம் தூசி உள்ளே போகத்தான் செய்யும், ஆனால் பிசுக்கு வெகுவாகக் குறையும். ஈரம் காயாத பாத்திரத்தை மட்டும் உள்ளே வைத்து மூடிவிடாதீர்கள். கண்ணாடியில் நீர் பூக்கும், அலமாரிக்குள் ஒரு வாடை தங்கிவிடும்.

அப்புறம் கனமும் உடைவதும். கண்ணாடி கனம் என்பது எல்லாரும் சொல்வதுதான், கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. 40 சென்டிமீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரத்தில் 4 மி.மீ. கண்ணாடி போட்டால் 2.8 கிலோதான் வரும். அதே அளவில் 18 மி.மீ. எம்.டி.எஃப். (மர இழைகளை அழுத்திச் செய்த பலகை) கதவு அதைவிட ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலாக இருக்கும். மெல்லிய அலுமினியச் சட்டத்தில் பொருத்தினால் கீலுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. சட்டமே இல்லாத முழுக்கண்ணாடிக் கதவு என்றால்தான் அதற்கான தனிக் கீல் வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம் என்பேன்.

உடைவதைப் பற்றி வேலைக்கு வந்தவர் பயப்படுவது சாதாரணக் கண்ணாடி விஷயத்தில் சரிதான். அது கத்தி போன்ற சில்லுகளாக உடையும். நீங்கள் கேட்டு வாங்கவேண்டியது டஃபண்டு கண்ணாடி. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, குளிர்காற்றை வேகமாக அடித்து ஆற்றுவார்கள். அதனால் வெளிப்பரப்பு இறுகி, சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கைந்து மடங்கு பலம் வந்துவிடும். மீறி உடைந்தாலும் கூர்மழுங்கிய சிறு துண்டுகளாக உதிரும். அதன் பலவீனம் விளிம்பில் இருக்கிறது. நடுவில் தட்டினால் தாங்குவது, ஓரத்திலோ மூலையிலோ ஒரு கூரான அடி விழுந்தால் மொத்தமாகச் சிதறிவிடும். நான்கு பக்கமும் சட்டத்துக்குள் இருக்கட்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று, டஃபண்டு செய்த பிறகு கண்ணாடியை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனாலும் புதிதாகத்தான் செய்யவேண்டும். எனவே அலமாரி சுவரில் ஏறி, சட்டம் தயாரான பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள். வரைபடத்தை நம்பி முன்கூட்டியே கண்ணாடிக்குச் சொல்லிவிட வேண்டாம்.

மாமியார் சொன்னதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். தெளிந்த கண்ணாடி தூசியைத்தான் தடுக்கும், ஒழுங்கின்மையை மறைக்காது. அடுக்கிவைப்பதில் உங்களுக்குப் பொறுமை குறைவு என்றால் கோடுபோட்ட கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ளூட்டட் என்று கேட்டால் கடையில் தெரியும். செங்குத்தாக வரிவரியாக இருக்கும்; உள்ளே இருப்பதன் நிறமும் உயரமும் தெரியும், உருவம் கலைந்துவிடும். கண்ணாடியை ஒட்டியிருக்கும் பொருள் ஓரளவு தெரியும், பின்னே போகப் போக மங்கும். அதனால் கோப்பைகளை ஒரு கை அகலம் உள்ளே தள்ளி வைத்தாலே பாதி மறைந்துவிடும். பொருத்தும்போது வரி உள்ள பக்கம் உள்ளேயும் வழவழப்பான பக்கம் வெளியேயும் வரவேண்டும். மாற்றிப் பொருத்திவிட்டால் ஒவ்வொரு வரியிலும் பிசுக்கு இறங்கி, பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்க்க நேரும். மணல் அடித்து மங்கலாக்கிய கண்ணாடிக்கும் இதேதான். அதன் சொரசொரப்பான பக்கம் கைரேகையை விடவே விடாது.

எந்த இடத்தில்? அடுப்புக்கு நேர் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அங்கே சாயங்காலத்துக்குள் ஒரு படலம் ஏறிவிடும். அடுப்பிலிருந்து தள்ளி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலேயோ எதிர்ச்சுவரிலோ இருக்கட்டும். எண்ணெய் பாட்டிலையும் மசாலாப் பொடிகளையும் அழகாக இருக்கிறதே என்று கண்ணாடிக்குள் அடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கெடுக்கும், பொடிகள் நிறமும் மணமும் இழக்கும். அவை இருட்டிலேயே இருக்கட்டும்.

உள்விளக்கு போடுவதாக இருந்தால், மரத்தட்டு வழியாக வெளிச்சம் கீழே இறங்காது என்பதை நினைவில் வையுங்கள். மேலே ஒரு விளக்கு போட்டால் முதல் தட்டு மட்டும் பளிச்சென்று இருக்கும், மற்றவை இருண்டு கிடக்கும். எல்.இ.டி. பட்டையைக் கதவுச் சட்டத்துக்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஒட்டச் சொன்னால் எல்லாத் தட்டுக்கும் வெளிச்சம் சமமாக வரும். அலமாரியின் உட்புறமும் வெளியே தெரியும் என்பதால் அதன் நிறத்தையும் நீங்களே தேர்வு செய்யுங்கள். கதவில் குறுக்குச் சட்டம் வந்தால் தட்டும் அதே உயரத்தில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

வேலை தொடங்க இன்னும் சில வாரம் இருக்கும் அல்லவா? அதற்குள் பழைய அலமாரியில் ஒரு கதவின் கீலைக் கழற்றி, கதவைச் சுவரோரம் சாய்த்துவிடுங்கள். இரண்டு வாரம் அப்படியே புழங்குங்கள். எந்தப் பொருள் கைபடாமல் கிடக்கிறது, எது தினமும் இடம் மாறுகிறது, அந்தக் காட்சி உங்களைத் தொந்தரவு செய்கிறதா என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். கைபடாமல் கிடந்தவற்றை எண்ணிப் பார்த்துக் கண்ணாடிக் கதவு இரண்டா மூன்றா என்று முடிவு செய்யுங்கள். தினமும் புழங்கியவை எவ்வளவு நீளத்தில் அடங்கும் என்று அளந்து, தொட்டிக்குப் பக்கத்தில் அந்த நீளத்துக்கு ஒரே ஒரு திறந்த தட்டு அடித்துவிடுங்கள். உங்கள் கணவர் கேட்ட விசாலம் அதிலேயே கொஞ்சம் கிடைத்துவிடும்.