ஃப்ளான் ஓ'பிரையன் வீணாகப் போனவரா?

கேள்வி: "அவ்வளவு திறமை இருந்தும் ஃப்ளான் ஓ'பிரையன் அரசாங்க வேலை, குடி, பத்திரிகைப் பத்தி என்று வீணாகப் போய்விட்டார், ஜேம்ஸ் ஜாய்ஸ் மாதிரி துணிந்து ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்கிறார்களே, உண்மையா?"

உண்மை இல்லை. இதோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் அந்த "துணிந்து கிளம்பியிருந்தால்" சுருக்கென்று தைத்துவிட்டது. கேட்டவர் சின்ன வயதுக்காரர், வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், எழுதுவதற்காக அதை விட்டுவிடலாமா என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

ஃப்ளான் ஓ'பிரையன் அயர்லாந்து எழுத்தாளர், சொந்தப் பெயர் பிரையன் ஓ'நோலன். 1911இல் ஸ்ட்ரபேன் ஊரில் பிறந்தார், 12 பிள்ளைகளில் மூன்றாவது, வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி. அப்பா சுங்கத் துறையில் அதிகாரி. 1935இல் இவர் டப்ளினில் அரசுப் பணிக்குப் போனார், 1937இல் அப்பா திடீரென்று இறந்துவிட்டார். அம்மா, தம்பி தங்கைகள் என்று அத்தனை பேருக்கும் இவர் சம்பளம்தான் சோறு. அப்போது வயது 25.

டப்ளின்காரரான எழுத்தாளர் ஜாய்ஸும் பெரிய குடும்பத்துப் பிள்ளைதான், அவர் மூத்தவர். 1903இல் அம்மா இறந்தார், அடுத்த வருடமே காதலி நோராவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதுதான் எல்லோருக்கும் தெரியும். 1905இல் தம்பி ஸ்டானிஸ்லாஸ், அண்ணன் குடியேறியிருந்த ட்ரியெஸ்ட் நகருக்குப் போய், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்ததில் அண்ணன் குடும்பத்தின் வாடகையையும் கடனையும் அடைத்தது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஜாய்ஸ் துணிந்து போக முடிந்தது, செலவைத் தாங்க ஒரு தம்பி இருந்ததால். ஓ'நோலன் வீட்டில் அந்தத் தம்பியின் இடத்தில் இருந்தவரே எழுத்தாளராகவும் இருந்தார். ஜாய்ஸைத் திட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், அவருடைய 'டப்ளினர்ஸ்' கதைகள் இல்லாத வாழ்க்கை எனக்கு வேண்டாம்.

அந்தச் சுமையோடுதான் 'அட் ஸ்விம் டூ பேர்ட்ஸ்' 1939இல் வந்தது. தங்களை எழுதுகிற ஆசாமிக்கே பாத்திரங்கள் மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு இஷ்டப்படி வாழ்கிற நாவல். பார்வை மங்கிப்போயிருந்த ஜாய்ஸே படித்துப் பாராட்டினார். விற்றது சில நூறு பிரதிகள், மிச்சம் 1940இல் லண்டனில் விழுந்த குண்டில் எரிந்தது.

அடுத்தது 'தி தேர்ட் போலீஸ்மேன்'. அதில் ஒரு சார்ஜன்ட் சொல்வார்: கரடுமுரடான ரோட்டில் வருடக்கணக்காக சைக்கிள் ஓட்டினால் ஆளின் அணுக்கள் சைக்கிளுக்கும் சைக்கிளின் அணுக்கள் ஆளுக்கும் போய்விடும், ஊர் தபால்காரர் ஏற்கெனவே 71 சதவீதம் சைக்கிள். அப்படி முற்றியவர்கள் சுவரில் முழங்கையைச் சாய்த்தோ, ஒரு காலைக் கல்லில் ஊன்றியோதான் நிற்பார்கள். 28 வருடம் ஃபைல் புரட்டிய எனக்கு அந்தப் பக்கத்தில் தொண்டை அடைத்தது. பதிப்பகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. திறமை தெரிகிறது, ஆனால் விசித்திரத்தைக் குறைக்க வேண்டியவர் இதில் கூட்டியிருக்கிறார் என்று பதில். அவர் என்ன செய்தார் தெரியுமா, கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டார். கார் டிக்கியிலிருந்து தாள் தாளாகக் காற்றில் பறந்துவிட்டதாக ஒரு கதை. பிரதி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் 1966 ஏப்ரல் 1 அன்று இறந்தார், மனைவி எவலின் எடுத்துக் கொடுத்து 1967இல் வெளிவந்தது.

அந்தப் பொய்யைப் பலர் வேடிக்கையாக எழுதுகிறார்கள். என்னால் முடியாது.

எங்கள் அப்பா பணியில் இருக்கும்போதே போய்விட்டார். எனக்கு 22 வயது, கீழே நான்கு பேர். கருணை அடிப்படையில் வேலை வந்தது. "கொடுத்து வைத்தவள், கவர்மென்ட் வேலை" என்று சொந்தக்காரர்கள் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள், அப்பா செத்து வந்த வேலை அது. ராத்திரி பத்து மணிக்கு மேல், எல்லோரும் படுத்த பிறகு, சமையல்கட்டில் உட்கார்ந்து ஆறு வருடம் ஒரு நாவல் எழுதினேன். பதினெட்டு அத்தியாயம். அலுவலகத்தில் ஃபைல் கட்டுகிற பச்சை டேக் கோத்து, இரட்டை முடிச்சுப் போட்டு ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கடிதம் இல்லை. நான் போட்ட இரட்டை முடிச்சு நான் போட்ட மாதிரியே இருந்தது. ஓ'நோலனுக்காவது படித்துவிட்டு வேண்டாம் என்றார்கள்.

தம்பி தங்கைகளைப் பற்றி நான் குறையாகச் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் கடைசித் தம்பி கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. கல்யாணமாகாத அக்கா என்றால் பெண் வீட்டார் ஏதாவது கேட்பார்களாம். அவன் காலேஜ் ஃபீஸ் ரசீதெல்லாம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சரி, அது வேறு விஷயம்.

குடியை நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். குடி அவர் உடம்பையும் எழுத்தையும் கெடுத்தது, 1953இல் வேலை போனதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் 'வீணாகப் போனவர்' 1940இலிருந்து சாகும்வரை 'ஐரிஷ் டைம்ஸ்' பத்திரிகையில் மைல்ஸ் என்ற பெயரில் பத்தி எழுதினார், 1941இல் ஐரிஷ் மொழியிலேயே 'அன் பேல் பொக்த்' என்ற நாவலை எழுதினார். அதில் வாத்தியார் முதல் நாள் ஒவ்வொரு பையனையும் பெயர் கேட்டு, மண்டையில் துடுப்பால் அடித்து, உன் பெயர் ஜாம்ஸ் ஓ'டானல் என்பார். வகுப்பில் அத்தனை பேருக்கும் அதே பெயர். இன்னும் எத்தனை எழுத வேண்டும் ஒரு மனிதர்?

1964இல் வந்த 'தி டால்கி ஆர்க்கைவ்' நாவலில், தொலைந்ததாகச் சொன்ன அந்தப் பிரதியிலிருந்தே சைக்கிள் அணுக்கணக்கை எடுத்துப் போட்டிருக்கிறார். இது வேண்டாம் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை, இன்னொரு முறை யார் கையிலும் கொடுக்கத்தான் தெம்பு இல்லை. எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

என் நாவல் எங்கே என்று கேட்டவர்களிடம், திருச்சி பஸ்ஸில் பையோடு போய்விட்டது என்று சொன்னேன். அதைக் கேட்டு எனக்காக வருத்தப்பட்ட இரண்டு பேர் இந்தத் தளத்தில் இருக்கிறார்கள், இதைப் படிக்கவும் கூடும். பை தொலையவில்லை. பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் இருக்கிறது.