அடுத்த அழைப்பு வரும்வரை…

மேடம்,

எனக்கு வயது 31. சொந்த ஊர் தேனி பக்கம். நடிப்பதற்காகச் சென்னை வந்து சாலிகிராமத்தில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சில படங்களில் ஓரிரு காட்சிகள், சீரியல்களில் போலீஸ், டாக்டர் வேடங்கள் செய்திருக்கிறேன். ஊரிலோ, "எப்போ ஹீரோ ஆகப்போற?" என்றுதான் கேட்கிறார்கள். ஆடிஷன் கொடுத்துவிட்டு வந்தால் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், தூக்கமே வருவதில்லை. அறை நண்பனுக்கு வெப் சீரிஸில் நல்ல வேடம் கிடைத்ததிலிருந்து அவனிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. இப்போது ஒருவர், இரண்டு லட்சம் கொடுத்தால் ஹீரோவின் நண்பன் வேடம் வாங்கித் தருகிறேன் என்கிறார். அம்மா நகையை அடகு வைக்கத் தயார். என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

பணம் கொடுக்காதீர்கள். நடித்தவருக்குச் சம்பளம் தருவதுதான் தொழில். வேடத்துக்காக நடிகரிடமே பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் அந்தப் படத்தின் அலுவலகத்துக்கு நேரில் போய், உதவி இயக்குநரிடம் விசாரியுங்கள்.

அப்புறம், வசனம் பேசிச் சம்பளம் வாங்கிய நீங்கள் ஏற்கெனவே நடிகர்தான். ஹீரோ ஆனவரை மட்டுமே நடிகராக மதிக்கும் ஊரின் கண்ணால் நீங்களும் உங்களைப் பார்க்கிறீர்கள். உங்களை அதிகம் நோகடிப்பது அதுதான் என்று நினைக்கிறேன். ஆடிஷனில் ஒருவரைத் தள்ளுவதற்கு உயரம், வயது, நாயகனின் அண்ணன் மாதிரி தெரியவில்லை என்று ஆயிரம் காரணங்கள் இருக்கும். உங்கள் காதுக்கு அவை வராது. காரணம் தெரியாதபோது, 'எனக்குத் திறமை இல்லை' என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. ஒவ்வொரு ஆடிஷன் முடிந்ததும் எது சரியாக வந்தது, எதைத் திருத்தலாம் என்று நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். உங்கள் வேலை அத்தோடு முடிந்தது. இரவில் போன் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

வருமானத்துக்கு வேறு வேலை பார்ப்பது தோல்வி இல்லை. துபாயில் கணக்காளராக இருந்த விஜய் சேதுபதி, திரும்பி வந்து கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டே அங்குள்ள நடிகர்களைக் கவனித்தார். 'புதுப்பேட்டை'யில் சின்ன வேடத்தில் வந்தது 2006இல், நாயகனானது 2010இல். நீங்களும் அவரைப் போல ஜெயிப்பீர்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி உழைத்தும் அந்த இடத்துக்கு வராதவர்கள் நிறையப் பேர். வாடகைக்கு ஒரு வழி, நடிப்புக்குப் பக்கத்திலேயே ஓர் இடம், இரண்டையும் அவர் விடவில்லை என்பதைத்தான் பாருங்கள். டப்பிங், நாடகக் குழு, குறும்படம் எல்லாமே பயிற்சிதான்.

நண்பன் மேல் பொறாமை வந்ததால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. அவருடைய வசனத்தை ஒத்திகை பார்க்க உதவுங்கள். பேச்சு தானாக வந்துவிடும்.

அம்மாவிடம் மாதம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு இடிக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். இன்னும் எவ்வளவு காலம் முயற்சி செய்யலாம் என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வாழ்வதே வீண் என்று தோன்றினால், காத்திருக்காமல் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. கட்டணம் கிடையாது, இரவிலும் தமிழில் பேசலாம்.