வாசகர் கேள்வி: பொப்கோர்ன் வடிவில் ஒரு விருது

கொக்குவில் வாசகி: ஏ.எல். படிக்கிற என் மகன் எம்.ரி.வி. திரைப்பட விருது விழாவின் பழைய காட்சிகளை யூரியூப்பில் விடாமல் பார்க்கிறான். சிறந்த முத்தம், சிறந்த சண்டை, சிறந்த வில்லன் என்றெல்லாம் கொடுக்கிறார்கள். இதெல்லாம் ஒரு விருதா?

விருதுதான் அம்மா. 1992இல் அமெரிக்காவில் அந்த இசைத் தொலைக்காட்சி தொடங்கிய விழா அது, பரிசாகக் கொடுப்பது பொன்னிறப் பொப்கோர்ன் பெட்டி. ஒஸ்காருக்கு வாக்களிப்பவர்கள் திரைத்துறையிலேயே வேலை செய்பவர்கள், அதனால் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று தொழிலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். படம் முடிந்து வெளியே வருகிற பொடியள் அப்படியா கதைப்பார்கள்? வில்லன் எப்படி, எந்தச் சண்டையில் கதிரை நுனிக்கு வந்தோம், இதைத்தானே கதைப்பார்கள். அந்தக் கதையைத்தான் இவர்கள் விருதுப் பிரிவுகளாக ஆக்கினார்கள். முதல் வருடம் சிறந்த படமாக வந்தது ரேர்மினேட்டர் 2. ஒலி, ஒப்பனை, காட்சி விளைவுகள் என்று தொழில்நுட்பத்துக்காக ஒஸ்கார் அதற்கு நான்கு விருது கொடுத்தது, ஆனால் சிறந்த படத்துக்கான பட்டியலில் அதன் பெயரே இல்லை. இளம் ஆட்கள் கொண்டாடியதை ஒரு மேடை பதிந்து வைத்ததே பெரிய காரியம் என்று நினைக்கிறேன். முத்தக் காட்சி வந்தால் வீட்டுக்குள் கூச்சமாக இருக்கும், அது விளங்குகிறது. ஆனாலும் ஒருநாள் மகனோடு இருந்து பாருங்கள். அவனுக்கு எந்தப் படம் ஏன் பிடிக்கிறது என்று கேளுங்கள், நிறையச் சொல்லுவான்.

சாவகச்சேரி வாசகர்: ரசிகர்களே வாக்குப் போடுகிறார்கள் என்பது உண்மையா?

பெரும்பாலான பிரிவுகளில் உண்மை. ஆனால் யார் யாருக்குப் போடலாம் என்ற பட்டியலைத் தயாரிப்பது தொலைக்காட்சிதான், ஆகவே அந்த வேலிக்குள் நின்றுதான் ரசிகர் தெரிவு செய்யலாம். எனக்கு இந்த விழாவில் உடன்பாடில்லாத இடம் இதுதான். வேலிக்குள் நின்றாலும் ரசிகர் கூட்டத்தின் பலம் சும்மா இல்லை: 2009 தொடங்கி 2012 வரை நான்கு வருடமும் சிறந்த படம் ருவிலைட் என்ற இரத்தக்காட்டேரிக் காதல் படவரிசைக்கே போனது. அதைப் பலர் இழிவாகப் பேசினார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன், அந்தப் பிள்ளைகள் அந்தப் படங்களை மனதார நேசித்தார்கள், அந்த நேசம் வாக்காக விழுந்தது.

பருத்தித்துறை வாசகி: நடிகர், நடிகை என்ற பிரிவினையை எடுத்துவிட்டார்களாமே?

ஓம், 2017இல். அந்த வருடம்தான் தொலைக்காட்சித் தொடர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆண், பெண் எல்லோரும் ஒரே பட்டியலில் நின்றபோது திரைப்பட நடிப்புக்கான விருதை முதலில் வாங்கியவர் எம்மா வொட்சன்.

நல்லூர் வாசகர்: இப்போது இந்த விழா நடப்பதில்லையா?

2023 மே மாதம் ஹொலிவூட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் நின்றதால் மேடை நேரலை இல்லாமல் முன்கூட்டியே பதிந்ததைத்தான் போட்டார்கள். 2024இல் விழா நடக்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர்: நாங்கள் எடுக்கிற குறும்படங்களுக்கும் இப்படி ஒரு விருது வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள் தம்பி. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது, நல்ல படங்களைக் கூட்டமாக இருந்து பார்க்கும் பழக்கம் அதனால் வந்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஓட்டோ ஓட்டுகிற பொடியனும் தெரிவு செய்கிற விருதென்றால் அது வேறு சங்கதி. இணையத்தில் வாக்குக் கேட்காதீர்கள், வெளிநாட்டில் சொந்தக்காரர் அதிகம் உள்ளவன் வென்றுவிடுவான். ஒரு மண்டபம் எடுங்கள், வந்த எல்லாப் படங்களையும் போடுங்கள், முழுக்க இருந்து பார்த்தவருக்கு மட்டும் ஒரு வாக்குத் துண்டு கொடுங்கள். எண்ணுவதையும் அங்கேயே எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள். விருதுப் பிரிவுகளையும் எம்.ரி.வி.யிடமிருந்து இரவல் வாங்க வேண்டாம். வீட்டில் "என்னடாப்பா, சாப்பிட்டியா" என்று கதைக்கிற பிள்ளை கமராவுக்கு முன்னால் வந்ததும் சென்னைத் தமிழுக்கு மாறுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலிக்கிறது. எங்கட பேச்சை அப்படியே பேசி நடித்தவருக்கென்று ஒரு விருது வையுங்கள். அப்புறம் எங்கட ஊர் இடங்களைச் சரியாகக் காட்டிய படத்துக்கு ஒன்று. திகதி முடிவானதும் எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே அறிவித்தல் போடுகிறேன்.