டிரெய்லர் இழுக்கும் டீசல் பிக்கப்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

கேள்வி: பண்ணைச் சாமான்களை ஏற்றவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் டிரெய்லர் இழுக்கவும் ஏழெட்டு வருடம் ஓடிய டீசல் பிக்கப் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். ஒரே மாடலில் மேனுவலும் கிடைக்கிறது, ஆட்டோமேட்டிக்கும் கிடைக்கிறது. கொட்டகைக்குப் போகும் பாதை நல்ல ஏற்றம். அதில் டிரெய்லரை ரிவர்ஸில்தான் ஏற்ற முடியும். "ஆட்டோ கெட்டுப்போனால் வண்டியையே தூக்கிப் போட வேண்டியதுதான், மேனுவலே எடுங்கள்" என்கிறார் புரோக்கர். எதை எடுப்பது?

பதில்: ஆட்டோமேட்டிக்கை எடுங்கள். ஏற்றத்தில் டிரெய்லரோடு ரிவர்ஸ் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகச் சொல்கிறேன். அது இல்லையென்றால் இரண்டில் எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதை எடுங்கள் என்று முடித்திருப்பேன்.

மேனுவல் வண்டி கிளம்பும்போது என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும், சக்கரம் நிற்கும். அந்த வித்தியாசத்தைக் கிளட்ச் பிளேட் உரசி உரசித்தான் சரிக்கட்டுகிறது. சமதளத்தில் இது ஒன்றிரண்டு நொடி வேலை. ரிவர்ஸில் டிரெய்லரைத் திருப்பி ஏற்றும்போது அப்படி இல்லை. கிளட்சை முழுக்க விட்டால் ஐடிலிலேயே வண்டி நடையைவிட வேகமாகப் போகும், டிரெய்லர் வண்டிப் பக்கமாக மடிந்துவிடும். அதனால் காலைப் பாதியில் வைத்து, நிமிடக்கணக்கில் உரசவிடுவீர்கள். அப்படி ஓடிய வண்டியின் கிளட்சை இறக்கிப் பார்த்தால், ரிவெட் தலை தெரியும் அளவுக்கு லைனிங் தேய்ந்திருக்கும். கிளட்ச் பிளேட் அழுந்தும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகளும் மயிரிழை போன்ற வெடிப்புகளும் இருக்கும். பல டீசல் பிக்கப்களில் அந்த ஃப்ளைவீல் உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தட்டு. சூட்டில் அதுவும் போய்விடும், கடைந்து சரிசெய்யவும் முடியாது. மேனுவலுக்குச் செலவே இல்லை என்று சொல்லும் புரோக்கர் இதையெல்லாம் சொல்வதில்லை.

டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் கிளம்பும்போது உரசுவதற்குத் தட்டு கிடையாது. எதிரெதிரே இரண்டு விசிறிகள், நடுவில் ஆயில். என்ஜின் பக்கத்து விசிறி தள்ளும் ஆயில் அடுத்ததைச் சுற்றுகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது என்ஜினின் முறுக்குவிசையை அது ஏறக்குறைய இரண்டு மடங்குவரை கூட்டியும் கொடுக்கும். பிரேக்கை மட்டும் மெல்ல விட்டு அங்குலம் அங்குலமாக ஏற்றலாம்.

இன்னொன்று. கம்பெனிகள் ஒரே என்ஜினின் முறுக்குவிசையை மேனுவலுக்குக் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் 2020-க்குப் பிறகு ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், மேனுவலில் 420. இது விளம்பரத்தில் இருக்காது, விவரப் பட்டியலின் மூலையில் இருக்கும். நீங்கள் பார்க்கும் மாடலுக்கு இரண்டு எண்களையும் டிரெய்லர் எடை வரம்பையும் தேடிப் பாருங்கள்.

'ஆட்டோ' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். சில லோடு வண்டிகளில் ஆட்டோ என்று விற்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் அழுத்துகிறது. ஏற்றத்தில் ஊர்ந்தால் அதுவும் அதே மாதிரி எரியும். "டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறதா?" என்று நேரே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

சரி, புரோக்கர் சொன்ன பயத்துக்கு வருவோம். ஆட்டோ கெட்டால் பெரிய செலவு என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றாமல் விட்டதால் வருவது. கிளட்சில் போகும் சூடு இங்கே ஆயிலுக்குப் போகிறது. 80, 90 டிகிரியில் ஓட வேண்டிய ஆயில் அடிக்கடி 120-ஐத் தாண்டினால் சீக்கிரம் செத்துவிடும். இதில் எனக்கு இருக்கும் கோபம் கம்பெனிகள் மேல்தான். "ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை" என்று எழுதுகிறார்கள். யாருடைய ஆயுள்? பெரும்பாலும் வாரன்டியின் ஆயுள். டிரெய்லர் இழுப்பது 'கடின உபயோகம்' என்று அதே கையேட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில், ஆயிலை மாற்றச் சொல்கிறது. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு நான் 50,000-க்கு மேல் போகவிடுவதில்லை. உங்கள் வண்டியின் முதல் சொந்தக்காரர் கையேட்டை நம்பி ஒரு முறைகூட மாற்றாமல் இருந்திருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் வாங்கும்முன் பார்க்க வேண்டியது இந்த ஆயில்தான். பல வண்டிகளில் அளவுக்குச்சியே கிடையாது. கியர்பாக்ஸ் வேலை தெரிந்த, புரோக்கருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கொண்டு வடித்துப் பாருங்கள். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். தெளிவாகப் பரவினால் சரி. கறுத்து, கருகிய வாடை அடித்தால் வண்டி வேண்டாம். தளதளவென்று புத்தம் புதிதாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், மாற்றிய பில்லைக் கேளுங்கள். விற்பதற்கு முந்தின நாள் கொஞ்சம் வடித்துப் புது ஆயில் ஊற்றுவது பழைய வித்தை. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டை (சம்ப்) கழற்ற ஒத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருந்தால் சாதாரணத் தேய்மானம். விரல் நுனியில் நெருடும் தகடுத் துணுக்குகள் இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

வண்டி பார்க்கப் போனதும் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே ஓட்டிவைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் காலையில் வாருங்கள். குளிர்ந்த என்ஜினில் ரிவர்ஸ் போட்டால் ஒன்றிரண்டு நொடிக்குள் பிடிக்க வேண்டும். அப்புறம் 60, 80 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்து ஓட்டுங்கள். சாலையில் வரிசையாகப் போட்ட சின்ன வேகத்தடைகள்மேல் போவது போன்ற அதிர்வு வந்தால் பெரும்பாலும் கன்வெர்ட்டரில் கோளாறு. ஸ்கேனர் இருந்தால், பழுதுக் குறியீடுகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பல வண்டிகளில் படிக்கலாம். அது முப்பது நாற்பது என்று வந்தால் ஏன் அழித்தார்கள் என்று கேளுங்கள்.

மேனுவலே எடுக்கலாம் என்று நான் சொல்லும் ஒரு நிலைமை உண்டு. வண்டி நான்கு சக்கர இயக்கமாக இருந்து, லோ ரேஞ்ச் இருந்தால். லோ ரேஞ்சில் எல்லாக் கியரும் சுமார் இரண்டரை மடங்கு இறங்கும், அதே என்ஜின் சுற்றுக்கு வண்டி அந்த அளவு மெதுவாகப் போகும். கிளட்சை முழுக்க விட்டும் ரிவர்ஸில் ஊர்ந்தே ஏறலாம், உரசல் அநேகமாக இல்லை. ஆனால் பாதை மண்ணாகவோ ஜல்லியாகவோ இருக்க வேண்டும். பெரும்பாலான பிக்கப்களில் நான்கு சக்கரம் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். காய்ந்த சிமென்ட் தரையில் ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பினால் முறுக்கேறி உள்ளே பற்கள் சேதமாகும். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீரிங்கை ஒடிக்காமல் முடியாது. ஆக, மண் பாதை, லோ ரேஞ்ச், அதைப் போட மறக்காத ஓட்டுநர் என்று மூன்றும் சேர்ந்தால் மேனுவல் சரி. உங்கள் வீட்டில் வேறு யாரும் வண்டி எடுப்பார்கள் என்றால் மூன்றாவது நிபந்தனை நிறைவேறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக்கை வாங்கினால் முதல் லோடு ஏற்றும்முன் ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றிவிடுங்கள். ஒரு முறை வடித்தால் சுமார் பாதி ஆயில்தான் வரும், மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன ரகத்தை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள், "எல்லாத்துக்கும் சேரும்" என்று ஒரு கேனை நீட்டினால் வாங்காதீர்கள்.