சட்டம் போட்ட படத்துக்கும் சட்டம் உண்டு

கேள்வி: ஐயா, லண்டனில் வசிக்கிறேன். நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான ஆங்கிலேயப் பாட்டி, இறப்பதற்கு முன் சின்னஞ்சிறு ஓவியங்கள் ஐந்தை எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவருடைய தாத்தா டெல்லிக்குப் போனபோது நினைவுப் பொருளாக வாங்கியவையாம். முட்டை வடிவம், யானைத்தந்தத்தில் வரைந்தவை. மூன்றில் ஷாஜகான், மும்தாஜ், நூர்ஜகான் முகங்கள். இரண்டில் தாஜ்மகாலும் ஜும்மா மசூதியும். இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன், நீக்கிவிட்டார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் விற்கலாமா?

பதில்: அன்பளிப்பாக வாங்கியதிலும் வீட்டில் வைத்திருப்பதிலும் தவறில்லை. விலை போட்டு விளம்பரம் செய்ததுதான் சிக்கல். பிரிட்டனின் 2018 யானைத்தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடப்பில் இருக்கிறது. விற்றால் மட்டுமல்ல, விற்பதாகச் சொன்னாலே குற்றம். ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. வேறு தளங்களிலும் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே உங்களுக்கென்று ஒரு கதவு திறந்திருக்கிறது. 1918க்கு முன் செய்த, 320 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத உருவச் சிற்றோவியங்களுக்கு விலக்கு உண்டு. உங்களுடையவை உள்ளங்கைக்குள் அடங்குபவை, அளவு பிரச்சினையில்லை. ஒவ்வொன்றையும் 20 பவுண்டு கட்டி அரசிடம் பதிவு செய்தபின் விற்கலாம். இவை மும்தாஜின் நிஜ முகத்தைப் பார்த்து வரைந்தவை அல்ல. டெல்லி ஓவியர்கள் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பயணிகளுக்கு விற்றார்கள். இருந்தாலும் அது உருவப்படம்தான் என்பது என் கருத்து.

தாஜ்மகாலுக்கு முகம் இல்லையே! கட்டட ஓவியங்கள் இரண்டும் இந்த விலக்கில் வராது. 1947 மார்ச் 3க்கு முந்திய, தந்தம் 10 விழுக்காட்டுக்கும் குறைவான பொருள்களுக்குத் தனி விலக்கு உண்டு. கனமான வெள்ளிப் பெட்டியின் மூடியில் பதித்த தகடாக இருந்தால் அதைப் பார்க்கலாம். தனித் தகடாக இருந்தால் விற்கும் எண்ணத்தை விடுங்கள்.

உண்மையான தலைவலி காலத்தை நிறுவுவதுதான். இத்தகைய ஓவியங்கள் 1918க்குப் பின்னும் செய்யப்பட்டன. தாத்தா எழுதிய கடிதம், பயணக் குறிப்பு, கடை ரசீது ஏதாவது கிடைக்குமா என்று பாட்டியின் குடும்பத்தாரிடம் கேளுங்கள். படத்தைச் சுற்றியுள்ள சட்டம் (ஃபிரேம்) பிரிட்டிஷ் வெள்ளியாக இருந்தால் அதன் முத்திரையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கும். பழைய படத்தைப் புதிய சட்டத்தில் மாட்டுவதும், இதற்கு நேர்மாறாகச் செய்வதும் உண்டு என்பதால், அதை மட்டும் நம்ப வேண்டாம். பழம்பொருள் மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். தந்தம்தானா என்று பார்க்க யாராவது சுட்ட ஊசியோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், ஓவியம் பாழாகிவிடும்.

சென்னையா? வேண்டவே வேண்டாம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலில் ஆசிய யானை இருக்கிறது. அனுமதியின்றிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனால் இரண்டு விமான நிலையங்களிலும் குற்றம். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே தந்த வியாபாரத்துக்கே இடமில்லை. லண்டன் பதிவுச் சீட்டு அங்கே செல்லாது.

இங்கே விற்கும்போதும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பதிவு உங்கள் பெயரில் இருப்பது. வாங்குபவர் நாளை மறுபடி விற்க நினைத்தால், அவர் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.