பாதியில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி என்ன பேசுவது?

கேள்வி: எங்கள் பள்ளி ஆசிரியைகள் ஒன்பது பேர் சேர்ந்து 'இப்போது வாசிப்பது' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். எல்லோரும் 'பொன்னியின் செல்வன்' வாசிப்பது, மாதம் ஒரு பாகம் வீதம் ஐந்து மாதத்தில் முடிப்பது என்று ஏற்பாடு. நான் இரண்டாம் பாகம் இருபதாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். நான்கு பேரிடமிருந்து பேச்சே இல்லை. ஒருவர் மூன்றாம் பாகத்துக்குப் போய்விட்டு, வரப்போவதையெல்லாம் சொல்லிவிடுகிறார். மற்றவர்கள் 'அருமை', 'கொஞ்சம் இழுவை' என்பதோடு சரி. எனக்கோ பெயர்களே குழம்புகின்றன. முடிக்காத புத்தகத்தைப் பற்றி என்ன பேச முடியும்? பேசாமல் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: விட வேண்டாம், சகோதரி. கல்கி எழுதிய இந்த நாவல் அவருடைய 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம்தான் முடிந்தது. அந்த மூன்றரை வருடமும் அதைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும் பாதிப் புத்தகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியாத அந்த நிலையில் தோன்றுகிற சந்தேகமும் ஊகமும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிய பிறகு நினைவில்கூட இருக்காது. அவற்றை இப்போதே எழுதி வைத்தால்தான் உண்டு.

முதலில் உங்கள் கணக்கைச் சரிசெய்வோம். 'மாதம் ஒரு பாகம்' என்று பிரித்ததுதான் தவறு. ஐந்து பாகங்களும் ஒரே அளவு அல்ல. முதல் பாகம் 57 அத்தியாயம், இரண்டாவது 53, மூன்றும் நான்கும் தலா 46, ஐந்தாவது 91. மொத்தம் 293. முதல் மாதம் நாளுக்கு இரண்டு அத்தியாயம் படித்துப் பழகியவர், நடுவில் ஒன்றரைக்கு இறங்கி, கடைசி மாதம் திடீரென்று மூன்றுக்கு ஏற வேண்டும். பரீட்சைத் தாள் திருத்துகிற வாரம் ஒன்று குறுக்கே வந்தாலே ஏற்பாடு கவிழ்ந்துவிடும். பாகத்தை மறந்துவிட்டு அத்தியாயத்தை எண்ணுங்கள். வாரத்துக்கு 12 அத்தியாயம், அதாவது ஆறு நாள் இரண்டிரண்டு. ஏழாம் நாள் பின்தங்கியவர்கள் எட்டிப்பிடிப்பதற்கு. நீங்கள் இதுவரை படித்தது 77, மிச்சம் 216. சரியாக 18 வாரம் ஆகும்.

குழுவில் எல்லோர் கையிலும் இருப்பது முழுப் பதிப்புதானா என்றும் பாருங்கள். சுருக்கப் பதிப்புகளும் கடையில் கிடைக்கின்றன. ஒன்பது பேரில் ஒருவர் கையில் அது இருந்தாலும் பேச்சு பொருந்தாது. சரிபார்ப்பது எளிது: முதல் பாகத்தின் கடைசி அத்தியாயம் 57 என்று இருக்க வேண்டும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் எதைச் சொன்னாலும் பாகமும் அத்தியாயமும் மட்டுமே சொல்லுங்கள்: '2–20' என்பதுபோல. ஒலிநூல் கேட்கிறவருக்கும் இது உதவும். அடுத்த பாகம் கைக்கு வராததால் யாராவது மௌனமாக இருக்கிறாரோ என்றும் கேட்டுப் பாருங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. ஐந்து பாகமும், தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

பெயர்க் குழப்பம் உங்கள் குறை அல்ல. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர், ஒரே மாதிரியான இரண்டு பட்டங்கள். அதிகம் இடறிவிடுவது இந்த இடம்: 'இளைய பிராட்டி' என்றால் குந்தவை, 'இளைய ராணி' என்றால் பழுவூர் நந்தினி. இந்த ஒன்றை மாற்றிப் படித்தால் பத்து அத்தியாயம் தலைகீழாகிவிடும், ஏனென்றால் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். செம்பியன் மாதேவி 'பெரிய பிராட்டி'. பழுவேட்டரையர் இருவர், தஞ்சைக் கோட்டைக் காவல் சின்னவரிடம், அவர் பெயர் காலாந்தக கண்டர். ஆழ்வார்க்கடியானும் திருமலையும் ஒரே ஆள்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். இடப்பக்கம் பெயர், அதன் கீழே அவருக்குள்ள மற்றப் பெயர்கள். வலப்பக்கம் உறவுமுறையை எழுத வேண்டாம். எல்லோரும் செய்கிற தவறு அது. வம்சாவளி வரைந்துகொண்டே போனால் பக்கம் நிறையுமே தவிர, கதை பிடிபடாது. இந்த நாவல் ரகசியங்களில் ஓடுகிறது. ஆகவே வலப்பக்கம் 'இவருக்கு என்ன தெரியும், யாரிடம் மறைக்கிறார்' என்று எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், அடிக்கடி அழிக்க வேண்டியிருக்கும். இருபது பேருக்கு மேல் போக வேண்டாம். பொருள்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: கதாநாயகன் வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஓலைகள், பனை இலச்சினை போட்ட பழுவூர் மோதிரம். மோதிரத்தை யார் கொடுத்தார், எங்கே காட்டப்பட்டது, யார் கண்ணில் பட்டது என்று குறித்து வைத்தாலே பாதிச் சிக்கல் அவிழும்.

கூடவே ஒரு வெள்ளைத்தாளில் காஞ்சி, வீராணம், கடம்பூர், குடந்தை, பழையாறை, தஞ்சை, கோடிக்கரை, கடலுக்கு அப்பால் அநுராதபுரம் என்று புள்ளி வையுங்கள். உங்கள் நால்வரும் மௌனமானது இரண்டாம் பாகத்தில் என்றால் எனக்கு வியப்பாக இருக்காது. அங்கே கதை பெரும்பாலும் கோடிக்கரைக்கும் ஈழத்துக்கும் போய்விடுகிறது; கடம்பூரிலும் பழையாறையிலும் பழகிய முகங்கள் எப்போதாவதுதான் தலைகாட்டும். படம் முன்னால் இருந்தால் யார் எங்கே விடப்பட்டார் என்பது தெரியும், அறுந்துபோன உணர்வு வராது.

'இழுவை' என்று சொன்னவரும் ஒன்றைச் சரியாகவே கவனித்திருக்கிறார். வாரம் ஒரு தடவை படித்தவர்களுக்காக, முன்பு நடந்ததை ஆசிரியர் ஆங்காங்கே மறுபடியும் சொல்லிக்கொண்டு போவார். நாம் ஒரே மூச்சில் படிக்கும்போது அது தேய்ந்த பாதையாகத் தெரிகிறது. அந்தப் பத்திகளில் கண்ணை வேகமாக ஓட்டலாம், குற்றமில்லை. ஆனால் பாசுரமும் பாட்டும் வருகிற இடத்தில் ஓட்டாதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள்.

இனி என்ன பேசுவது என்பதற்கு வருவோம். 'பிடித்ததா' என்று கேட்டால் 'அருமை' என்றுதான் பதில் வரும். ஒவ்வொருவரும் வாரம் மூன்று வரி எழுதட்டும். எந்த அத்தியாயத்தில் நிற்கிறேன், எந்த வரியில், ஏன் நின்று மறுபடி படித்தேன், யாரை நம்பவில்லை. மூன்றாவது வரிதான் உயிர். 'நந்தினி நல்லவளா' என்பது பட்டிமன்றம், பத்து நிமிடத்தில் சலித்துவிடும். 'வந்தியத்தேவனிடம் மோதிரத்தைக் கொடுத்தபோது அவள் மனதில் என்ன இருந்தது' என்று கேட்டுப் பாருங்கள், மௌனமானவர்களும் வாயைத் திறப்பார்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். இந்த வாரம் எல்லோரும் முதல் பாகத்தின் 2 முதல் 6 வரையான அத்தியாயங்களை மறுபடி படியுங்கள், ஒன்றரை மணி நேரம் ஆகலாம். வழியில் ஒரு மூடுபல்லக்கு போகிறது. அதில் இருப்பது யார் என்று வந்தியத்தேவனும் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். கடம்பூர் மாளிகையில் நடுநிசியில் திரை விலகும்போது இறங்குவது வேறு ஆள். நம்மை அப்படி நினைக்கவைத்த வார்த்தைகள் எவை, யாருடைய வாயிலிருந்து வந்தன என்று ஒவ்வொருவரும் இரண்டு இடத்தைக் குறித்துக் காட்டட்டும். ஒன்பது பேரும் ஒரே இடத்தைக் காட்ட மாட்டீர்கள். விடையை ஒரு தடவை தெரிந்துகொண்டு படித்தால் ஆசிரியரின் கைவேலை அப்பட்டமாகத் தெரியும், அதைப் பேச அரை மணி நேரம் போதாது.

முன்னால் ஓடுகிறவரை அடக்காதீர்கள்; ஆர்வம் உள்ளவர் அவர் ஒருவர்தான். பதிவின் முதல் வரியில் பாகமும் அத்தியாயமும் மட்டும் போட்டு, கீழே பத்து வரி இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் வரி அறிவிப்பிலேயே தெரிந்துவிடும், அங்கே வேறு எதுவும் இருக்கக்கூடாது. பொதுப் பேச்சில், கடைசியில் இருப்பவர் முடித்த அத்தியாயம்வரைதான் எல்லை. இந்த நாவலின் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கும் இதே விதிதான். படம் நாவலை அப்படியே பின்பற்றவில்லை, அதை வைத்து 'இப்படித்தான் முடியும்' என்று சொன்னால் பாதி தவறாகவும் போகும்.

மௌனமான நால்வரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். மூன்று தடவை உட்கார்ந்தும் மறுநாள் ஒரு காட்சிகூட நினைவில் நிற்கவில்லை என்றால், அவருக்கு இது இப்போதைக்கு வேண்டாம். அவர் வேறு நூலை எடுத்துக்கொண்டு அதே மூன்று வரியை எழுதட்டும். குழுவின் பெயரே 'இப்போது வாசிப்பது'தானே, ஒரே புத்தகம் என்று எங்கே இருக்கிறது?

இரண்டு விஷயங்களை மட்டும் ஐந்தாம் பாகத்தின் 91-ஆம் அத்தியாயம் முடியும்வரை தொடாதீர்கள். ஒன்று, நூலின் இறுதியில் இருக்கும் முடிவுரை. 'இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார்' என்று கேட்கிற வாசகர்களுக்கு ஆசிரியர் சொல்லும் பதில் அது. இப்போது புரட்டினால் எல்லாம் அம்பலம். மற்றொன்று, சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு; அதுவும் கதையில் வரப்போவதைச் சொல்லிவிடும். கைபேசியில் தேடிவிடாதீர்கள், யாராவது அனுப்பினாலும் திறக்காதீர்கள். அது இருப்பது காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில். முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீராண ஏரிக்கரை அங்கிருந்து பக்கம்தான். 18 வாரம் கழித்து ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போய், ஏரிக்கரையை முதலில் பார்த்துவிட்டு, பிறகு கோயிலுக்குள் போங்கள்.